பி.எம். கிசான் பணம் ஏருக்கா, பட்டாவுக்கா?

உங்கள் பதிவில் கோபம் முன்னால் நிற்கிறது, கேள்வி அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. ஆகவே நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், தவறென்றால் திருத்துங்கள். திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமம். அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையான பி.எம். கிசான் பணம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய், அவருக்கு வந்துகொண்டிருந்தது. 2023-இல் அவர் காலமானார். சில தவணைகளுக்குப் பின் பணமும் நின்றது. அந்த ஒன்றரை ஏக்கரோடு, இன்னொருவருடைய மூன்று ஏக்கரையும் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறீர்கள். நிலத்துக்காரர் சென்னையில் தனியார் நிறுவன வேலையில் இருக்கிறார்; பொங்கலுக்கு வந்து வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவதோடு சரி. 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் பிரதமர் 21-ஆவது தவணையை விடுவித்தபோது அவருக்குக் குறுஞ்செய்தி வந்தது, உங்களுக்கு வரவில்லை. "உழுகிறவன் நான், பணம் அவருக்கா? எங்கே மேல்முறையீடு செய்வது?" என்கிறீர்கள்.

இதில் இரண்டு சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன. அப்பாவின் ஒன்றரை ஏக்கருக்கு உரிய பணம் உங்கள் குடும்பத்துக்குக் கிடைக்க வழி இருக்கிறது; நீங்கள் இன்னும் முறைப்படி கேட்கவே இல்லை. குத்தகை நிலத்துக்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாயும் கிடைக்காது. எந்த மேசைக்குப் போனாலும் பதில் ஒன்றுதான். வட்டாரத்தில் யாரோ உங்கள் பெயரை விட்டுவிட்டதால் வந்த வினை என்று நினைக்க வேண்டாம். திட்டம் எழுதப்பட்டபோதே குத்தகைதாரர் அதற்குள் வரவில்லை.

நான் வேளாண்மைத் துறையில் வட்டார அளவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து 2021-இல் ஓய்வு பெற்றவன். இந்தத் திட்டம் பிறந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கின்றன. 2019 பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்டில் அறிவிப்பு. பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடக்க விழா. நடுவில் இருந்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் ஊர் ஊராகப் பட்டியல் தயாராக வேண்டும். யார் உழுகிறார் என்று சொல்லும் நம்பத்தக்க கணக்கு எந்த அலுவலகத்திலும் கிடையாது. யாருக்கு நிலம் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் வருவாய்த் துறைக் கணினியில் தயாராக இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் சிட்டாவைப் பார்த்துச் சொல்ல, எங்கள் உதவி வேளாண்மை அலுவலர்கள் ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து கொட்டினார்கள். நள்ளிரவு வரை தட்டச்சு நடந்தது. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். தேர்தல் முடிந்ததும் 2019 ஜூன் 1 முதல் அந்த உச்சவரம்பும் போய்விட்டது. அரை ஏக்கர்காரருக்கும் ஆண்டுக்கு 6,000, ஐம்பது ஏக்கர்காரருக்கும் ஆண்டுக்கு 6,000. நிலத்தின் அளவு, பயிர், விளைச்சல், தரிசு போட்டதா என்பது எதுவும் கணக்கில் வராது. பட்டாவில் பெயர் இருக்கிறதா என்பதே வாசல்படி.

குத்தகைதாரர் ஏன் கணக்கில் இல்லை என்றால், அதற்கு நம் மாநிலத்துக்கே உரிய பழைய கதை ஒன்று உண்டு. 1955-இல் பயிரிடும் குத்தகைதாரரைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்றது. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்குத் தனிச் சட்டமே வந்தது. இரண்டும் நல்ல நோக்கத்தோடு வந்தவை. விளைவு என்னவாயிற்று? பதிவேட்டில் ஏறிவிட்டால் இறக்க முடியாது என்ற பயத்தில் நிலத்துக்காரர்கள் எழுத்தையே கைவிட்டார்கள். இன்று பெரும்பாலான குத்தகை வாய்ச்சொல்லில் நடக்கிறது. களத்துமேட்டில் நின்றுகொண்டு, "இந்த வருஷமும் பழையபடியே" என்று சொன்னால் ஒப்பந்தம் முடிந்தது. உங்கள் குத்தகையும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ரசீதோ ஒப்பந்தமோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. வாய்ச்சொல்லில் இருக்கும் ஒருவரைத் தில்லியில் இருக்கும் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்?

முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். இதே காலத்தில் ஒடிசா தொடங்கிய காலியா என்ற உதவித் திட்டம், விளைச்சலில் பங்கு தந்து வாரத்துக்கு உழுகிறவர்களையும் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரத்தில் 2019-இல் வந்த ரைத்து பரோசா, நிலமில்லாத குத்தகைதாரர்களில் சில பிரிவினருக்குப் பணம் தந்தது. தெலங்கானா 2018-இல் தொடங்கிய ரைத்து பந்து நம் பி.எம். கிசானைப் போலவே பட்டாவைப் பிடித்துக்கொண்டது, அதுவும் ஏக்கர் கணக்கில். நிலம் கூடக் கூடப் பணமும் கூடியது. ஆக, உழுகிறவரைத் தேடிப் போவதும் போகாமல் இருப்பதும் அரசு எடுக்கும் முடிவு. தொழில்நுட்பத்தின் மேல் பழியைப் போடுவதை நான் ஏற்பதில்லை.

சென்னைக்காரர் பணம் வாங்குவது சட்டவிரோதமா? அவர் உழவில்லை என்பதால் மட்டும் விதி மீறியவர் ஆகிவிட மாட்டார். சொந்த நிலம், சாகுபடிக்கு ஏற்ற நிலம், 2019 பிப்ரவரி 1 அன்று அவர் பெயரில் இருந்த நிலம் என்றால் தகுதி உண்டு. ஆனால் விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் (இந்த இரண்டிலும் கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு), பதிவு செய்து தொழில் நடத்தும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர், கட்டடக் கலைஞர், கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவர்கள் ஆகியோருக்குக் கிடையாது. அவர் வரி கட்டுகிறவர் என்றால் வாங்கியது தவறு. திருப்பிக் கேட்பார்கள், பல இடங்களில் கேட்டும் இருக்கிறார்கள். இங்கே எனக்குச் சிரிப்பை வரவழைக்கும் ஒரு முடிச்சு. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை. விதியில் எழுதியிருப்பது "வரி செலுத்தியவர்" என்பதுதான். அதை எழுத்துப்படி படித்தால், மாதம் 90,000 சம்பளம் வாங்கும் ஒருவர் தகுதியுள்ள விவசாயியாகத் திரும்பி வந்துவிடுகிறார்! இது என் வாசிப்பு மட்டுமே. வரிக் கணக்குத் தாக்கல் செய்தாலே பெயரை நிறுத்திவைத்த அலுவலகங்களையும் பார்த்திருக்கிறேன்.

அவர் மேல் புகார் எழுதலாமா என்று நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும் உங்கள் வரிகளுக்கு நடுவே அந்த எண்ணம் தெரிகிறது. எழுத உங்களுக்கு உரிமை உண்டு. மொட்டைக் கடிதமாகப் போட்டாலும் அந்த ஊரில் யார் எழுதியது என்று அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். அவருக்கு நிற்கும் 6,000 ரூபாய் உங்களுக்கு வரப்போவதில்லை; வாய்ச்சொல் குத்தகை மட்டும் போய்விடும். என்னைக் கேட்டால், அடுத்த குத்தகை பேசும்போது அந்த 6,000-ஐ நினைவூட்டி, இரண்டு மூட்டை குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் வட்டாரத்தில் நாலைந்து பேர் அப்படிப் பேசி வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொரு குறுக்கு வழியை யாராவது காட்டினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். 2020-இல் நம் மாநிலத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் விழுப்புரம் மாவட்டமும் அதில் சிக்கியது. தாமாகவே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்ற வசதி திறந்தபோது, அதிகாரிகளின் கடவுச்சொல் இடைத்தரகர்கள் கைக்குப் போனது. கொரோனா உதவித்தொகை என்று சொல்லி ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கிப் போய், ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களை எல்லாம் விவசாயி ஆக்கினார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள், சுமார் 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. விசாரணை, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கம், வங்கிக் கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தல் என்று மாதக்கணக்கில் ஓடியது. அந்த நாட்களில் வீடு வீடாகப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வேலை எங்களுக்கு. ஒரு பாட்டி, "குடுத்தப்ப கும்பிட்டேனே, இப்ப எதுக்குக் கேக்குற?" என்றாள். அவளுக்கு எதிரே நின்ற எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. இன்று உண்மையான விவசாயிக்கு ஏற்படும் தாமதத்தில் ஒரு பங்கு அந்த மோசடியின் வட்டி.

இனி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பணத்துக்கு வருகிறேன். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கியோ எழுதி வாங்கியோ பட்டா மாறியவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. பட்டாதாரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் அந்தக் கெடு பொருந்தாது. ஆகவே வழி திறந்தே இருக்கிறது. அப்பாவின் பதிவு எண்ணை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. நீங்கள் புதிதாகப் பதிய வேண்டும். அதற்கு முன் பட்டா உங்கள் பெயருக்கு வர வேண்டும். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் பட்டா, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். நிலத்தைப் பிரிக்காமல் வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப்பட்டாவாக மாற்றுவது விரைவில் முடியும். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வேண்டுமென்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும். அவர் வரும் நாள் அவர் கையில்.

கூட்டுப்பட்டாவில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே உதவி உண்டு என்பதே மத்திய அரசின் விளக்கம். கணவன், மனைவி, 18 வயது நிறையாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அம்மா ஒரு குடும்பம், நீங்கள் ஒரு குடும்பம், தம்பிக்கு மணமாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் வயது வந்தவர் என்பதால் அவர் ஒரு குடும்பம். அப்பா இருந்தபோது ஒன்றரை ஏக்கருக்கு ஆண்டுக்கு 6,000 வந்தது. அதே நிலத்துக்கு இப்போது 18,000 வரலாம். நிலம் துண்டாகத் துண்டாகப் பணம் பெருகும் திட்டத்தை யார் யோசித்தார்களோ! இதில் நான் உறுதி தர முடியாத இடம் ஒன்று உண்டு. விதி இப்படி இருந்தாலும், தனிப்பட்டா கொண்டுவந்தால்தான் பரிந்துரைப்போம் என்று சொல்லும் வட்டாரங்கள் இருக்கின்றன. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் முதலிலேயே கேட்டுக்கொண்டால், இரண்டு முறை பட்டாவுக்கு அலைவதைத் தவிர்க்கலாம். உங்கள் மனைவி அரசு வேலையில் இருந்தால் உங்களுக்குக் கிடையாது. தம்பி அரசு வேலையில் இருந்தால் தம்பிக்கு மட்டும்தான் கிடையாது, அம்மாவையும் உங்களையும் அது தொடாது.

நீங்கள் அம்மாவையும் தம்பியையும் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்த பெண் யாரும் இல்லையா? இருந்தால் அவர் பெயரும் வாரிசுச் சான்றிதழில் இருந்தாக வேண்டும். கட்டிக்கொடுத்துவிட்டோம், சீர் செய்துவிட்டோம் என்பதெல்லாம் வட்டாட்சியர் அலுவலகத்தில் செல்லாது. 2,000 ரூபாய்க்காகத் தங்கையின் பெயரை மறைத்து, பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் எட்டு வருடம் நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அப்பா இறந்த பிறகும் சில தவணைகள் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது திருப்பித் தர வேண்டிய பணம். யாரும் கேட்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் புதிதாகப் பதியும்போது அப்பாவின் பழைய கணக்குத் திறந்தால் அதுவே தடையாக நிற்கும். திட்டத்தின் இணையதளத்திலேயே பணத்தைத் திரும்பச் செலுத்தும் வசதி இருக்கிறது. செலுத்திய ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்து ஒப்புதல் கிடைத்த பிறகும் பணம் வராமல் போவது உண்டு. இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் மூன்று வரிகள் தெரியும்: நில விவரம் இணைக்கப்பட்டதா, இ-கேஒய்சி என்கிற ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததா, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்ததா. மூன்றிலும் பச்சை இருந்தால்தான் பணம் நகரும். மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பணம் இப்போது கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்துப் போகிறது. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி பிணைக்கப்பட்டதோ அங்கே போய் விழும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மா, ஒன்றரை வருடமாகப் பணமே வரவில்லை என்று அழுதார். பார்த்தால் மூன்று வரியும் பச்சை, ஐந்து தவணையும் செலுத்தியாயிற்று என்று காட்டியது. கூட்டுறவு வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. பிறகுதான் பேரன் சொன்னான்: கைப்பேசிக்கு அட்டை வாங்கியபோது ஒருவர் பாட்டியின் விரலை இரண்டு முறை வைக்கச் சொன்னாராம். ஒன்று அட்டைக்கு, இன்னொன்று அவருக்கே தெரியாமல் ஒரு வங்கிக் கணக்குக்கு. 10,000 ரூபாயும் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார். உங்கள் அம்மாவுக்குப் பதியும் முன், ஆதார் எந்த வங்கியில் பிணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

இப்போது குத்தகை மூன்று ஏக்கர். அங்கே உங்கள் ஆயுதம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று சொல்லும் கிராமக் கணக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் பருவத்துக்குப் பருவம், பயிர் செய்கிறவர் என்று உங்கள் பெயரில் சான்று வாங்கப் பாருங்கள். நிலத்துக்காரருக்கு இதில் தயக்கம் இருக்கும். அது பட்டாவைத் தொடாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அந்தத் தாள் மூன்று இடத்தில் உதவும். முதலாவது பயிர்க் காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரரையும் ஏற்கிறது; சம்பாவுக்கு நீங்கள் கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். இரண்டாவது வெள்ள நிவாரணம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் உங்கள் பக்கம் கரை கடந்தபோது, 33 சதவீதத்துக்கு மேல் சேதமான இறவை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தார்கள். மூன்று ஏக்கருக்கு அது 20,000-ஐத் தாண்டும். கணக்கெடுப்பில் அடங்கலில் இருந்த பெயரைத்தான் எழுதினார்கள். நிலத்துக்காரர் பெயர் இருந்த இடங்களில் நட்டவர் வெறும் கையோடு நின்றார்.

மூன்றாவது கொள்முதல். 2025-26 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். அதில் 156 ரூபாய் மாநில அரசின் ஊக்கத்தொகை. ஏக்கருக்கு 20 குவிண்டால் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் மூன்று ஏக்கருக்கு 60 குவிண்டால், ஊக்கத்தொகை மட்டும் 9,360 ரூபாய். சென்னைக்காரர் ஓராண்டில் வாங்கும் கிசான் பணத்தைவிட இது அதிகம். நெல்லை வியாபாரியிடம் களத்திலேயே போட்டுவிட்டால் இந்தப் பணமும் உங்களுக்கு இல்லை. கொள்முதலுக்கும் காப்பீட்டுக்கும் உழுகிறவரைக் கண்டுகொள்ளும் அரசுக்கு, 2,000 ரூபாய் கொடுக்கும்போது மட்டும் அவர் கண்ணில் படவில்லை என்பது எனக்கும் உறுத்துகிறது.

உங்கள் பட்டாவையும் ஆதாரையும் நான் பார்க்கவில்லை. பார்க்காமல் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கிளம்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒன்றில் கோவிந்தம்மாள், இன்னொன்றில் கோவிந்தம்மா, ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்தால் நில விவரம் இணையாமல் திரும்பும். புதிதாகப் பதிகிறவர்களிடம் இப்போது விவசாயி அடையாள எண்ணும் கேட்கிறார்கள். அதை எடுக்கும்போதும் இதே பெயர்ச் சிக்கல்தான். பட்டா புதிதாக எழுதப்படும்போது ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள், முன்கூட்டியே ஆதாரைத் திருத்த வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டே இ-சேவை மையத்துக்குப் போங்கள். பதிந்த பிறகு இரண்டு மாதம் அசைவில்லை என்றால் 155261 என்ற உதவி எண்ணில் பதிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தை அப்படியே இங்கே எழுதினால், அடுத்து எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.